ஓரமாக இருக்கும் சின்னப் பெட்டிக்கு எந்த டாரன்ட் கிளையன்ட்?

வீட்டு சர்வர் பற்றி எழுதியதிலிருந்து டாரன்ட் கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. கோப்பை ஒரே சர்வரிலிருந்து அல்லாமல், அதை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்குவது டாரன்ட், அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் கிளையன்ட். ஒரே மாதிரிக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 2 ஜிபி ராம் உள்ள ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றும், 2 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. லேப்டாப்பை இரவெல்லாம் ஓடவிட்டு டாரன்ட் இறக்கி அலுத்துவிட்டது. இந்தப் பெட்டிக்கு மானிட்டர் கிடையாது. போனிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ சேர்க்க, நிறுத்த முடிய வேண்டும். பெட்டி திணறவும் கூடாது. எதைப் போடலாம்? – மதுரை வாசகர்

பதில்: டிரான்ஸ்மிஷன் போடுங்கள். அதிலும் ஜன்னல் திறக்கும் டெஸ்க்டாப் பதிப்பு வேண்டாம், டிரான்ஸ்மிஷன்-டீமன் என்று தனியாக ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு. வேலை செய்கிற எஞ்சின் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் எந்த பிரவுசரிலிருந்தும் 9091 போர்ட்டில் (போர்ட் என்பது பெட்டியின் வாசல் எண்) அதன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம், பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போகலாம், இறக்கம் அது பாட்டுக்கு நடக்கும். எஞ்சின் வேறு, முகம் வேறு என்று பிரிந்திருக்கிற கிளையன்ட்தான் மானிட்டர் இல்லாத பெட்டிக்குச் சரிப்படும். முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான்.

டிரான்ஸ்மிஷன் 2005-லிருந்து இருக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்த 4.0 பதிப்பில் உள்ளே நிறைய மாற்றி எழுதினார்கள். 25,000 டாரன்ட்களை ஏற்றி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்ததில், பழைய 3.00-ஐவிட சிபியு வேலை பாதியாகக் குறைந்தது என்று அந்த வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் நானும் 25,000 போடப்போவதில்லை, இருபது முப்பது போடுவோம். அதற்கு உங்கள் லினக்ஸில் பழைய 3.00 தான் கிடைக்கிறது என்றாலும் தாராளமாகப் போதும், அதற்காக வெளியிலிருந்து எதையாவது தேடிப் பிடித்து நிறுவாதீர்கள்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். க்யூபிட்டாரன்ட்டுக்கு 'நாக்ஸ்' என்று முடிகிற ஒரு பேக்கேஜ் உண்டு, ஜன்னல் இல்லாதது, 8080 போர்ட்டில் வரும். வசதி என்று பார்த்தால் அதுதான் பெரியது: ஒரு தளத்தில் புதிதாக வருவதைப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் ஓடையைப் பார்த்துத் தானாக இறக்கும், வகை பிரித்து வெவ்வேறு ஃபோல்டரில் போடும். டிரான்ஸ்மிஷனில் ஆர்எஸ்எஸ் கிடையாது. ஆனால் க்யூபிட்டாரன்ட் சாய்ந்து நிற்கும் லிப்டாரன்ட் நூலகத்தின் 2.0 வரிசை, டிஸ்க்கில் இருக்கும் கோப்பை அப்படியே மெமரியோடு இணைத்து வேலை செய்யும், அதனால் டாப் கட்டளையில் பார்க்கும்போது ராம் முழுதையும் விழுங்கியதுபோலத் தெரியும். அதில் பெரும்பகுதி கெர்னல் வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியதுதான், பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் 1 ஜிபி பெட்டியில் எனக்கு அது நிம்மதியாக இருந்ததில்லை. 4 ஜிபி இருந்தால் தயங்காமல் அதையே போடலாம்.

டெலூஜ் பைத்தானில் எழுதப்பட்டது, ப்ளக்இன் நிறைய. லேப்டாப்பில் இருக்கும் டெலூஜையே தூரத்து டீமனோடு இணைத்து, ஏதோ இங்கேயே ஓடுவதுபோல ஆளலாம், அது அருமையான வசதி. ஆனால் இரண்டு பக்கமும் பதிப்பு ஒத்துப்போக வேண்டும், ஒன்றை அப்டேட் செய்து மற்றதை விட்டால் இணையாமல் போகலாம். ஆர்டாரன்ட் எஸ்எஸ்ஹெச்சில், அதாவது தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழைந்து, டைப் செய்தே வாழ்பவர்களுக்கு. பிரவுசரில் வேண்டும் என்றால் ரூடாரன்ட்டும், அதற்கு ஒரு வெப் சர்வரும் பிஹெச்பியும் சேர்த்து வைக்க வேண்டும். சின்னப் பெட்டிக்கு அவ்வளவு எதற்கு? ஆரியா2 இருப்பதிலேயே மெலிசு, சாதாரண டவுன்லோடும் டாரன்ட்டும் ஒன்றாக இறக்கும், ஆனால் மாதக்கணக்கில் சீட் செய்துகொண்டிருக்க, அதாவது இறக்கியதை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டிருக்க, நான் அதை வைப்பதில்லை.

போனுக்கு ட்ரான்ஸ்ட்ராய்ட் என்ற ஆப் எஃப்-ட்ராய்டில் கிடைக்கிறது. இங்கே சொன்ன கிளையன்ட்கள் எல்லாவற்றோடும் அது பேசும், நாளைக்கு மனம் மாறி வேறு கிளையன்ட்டுக்குப் போனாலும் ஆப்பை மாற்ற வேண்டாம்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி டிரான்ஸ்மிஷன் நிறுவினேன். பெட்டிக்குள்ளிருந்து திறக்கிறது, லேப்டாப்பிலிருந்து திறந்தால் 403 என்று வருகிறது. செட்டிங்ஸ் கோப்பை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் நான் எழுதியதெல்லாம் மாயமாகிவிடுகிறது! – சேலம் வாசகர்

பதில்: இது எல்லோரும் ஒரு முறை மாட்டுகிற இடம், நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிநாள் இதில் உட்கார்ந்திருக்கிறேன். டீமன் நிற்கும்போது தன் நினைவில் இருக்கும் செட்டிங்ஸை எடுத்துக் கோப்பின் மேல் எழுதிவிட்டுத்தான் நிற்கும். நீங்கள் ஓடும்போதே கோப்பைத் திருத்திவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், நிற்கிற அந்த நொடியில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். முதலில் நிறுத்துங்கள், அப்புறம் திருத்துங்கள், அப்புறம் ஓட்டுங்கள். இல்லையென்றால் திருத்திய பிறகு ரீஸ்டார்ட்டுக்குப் பதிலாக ரீலோட் கொடுத்தாலும் கோப்பைத் திரும்பப் படித்துக்கொள்ளும்.

403 வருவது, யார் திறக்கலாம் என்று சொல்லும் ஆர்பிசி-வொய்ட்லிஸ்ட் என்ற வரியில் அந்தப் பெட்டியின் சொந்த முகவரி மட்டும் இருப்பதால். வீட்டு நெட்வொர்க்கையும் சேருங்கள், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கி மீதி இரண்டு இடத்திலும் நட்சத்திரக் குறி. எண்ணுக்குப் பதிலாகப் பெயர் கொடுத்துத் திறப்பவர்களுக்கு 421 வரலாம், அதற்கு ஆர்பிசி-ஹோஸ்ட்-வொய்ட்லிஸ்ட்டில் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டைச் சும்மா எழுத்தில் எழுதி வையுங்கள், டீமன் தொடங்கும்போது அதுவே குழப்பி மறைத்துவிடும், அடுத்த முறை திறந்து பார்க்கும்போது நீளமாக ஏதோ இருக்கிறதே என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இறக்கிய கோப்பை உங்களால் அழிக்க முடியவில்லை என்று அடுத்த வாரம் எழுதுவீர்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். டெபியன் குடும்ப லினக்ஸில் டீமன் தனிப் பயனர் பெயரில் ஓடும், கோப்பெல்லாம் அந்தப் பெயரில் இருக்கும். அந்தக் குழுவில் உங்களையும் சேர்த்துவிட்டு, செட்டிங்ஸ் கோப்பில் உமாஸ்க் வரியை 2 என்று வையுங்கள், குழுவில் இருப்பவர்களும் எழுத, அழிக்க முடியும்.

கேள்வி: ஆபீஸிலிருந்து திறக்க வேண்டும். ரவுட்டரில் 9091-ஐ போர்ட் ஃபார்வர்ட் செய்தேன் (வெளியிலிருந்து வருவதைப் பெட்டிக்குத் திருப்பிவிட்டேன்), வரவில்லை. நெட் கம்பெனியில் கேட்டால் சரியான பதில் இல்லை. – கோவை வாசகர்

பதில்: வராமல் போனது உங்கள் நல்ல காலம். அந்த ஃபார்வர்டை இப்போதே எடுத்துவிடுங்கள், காரணத்தை அப்புறம் படியுங்கள்.

டிரான்ஸ்மிஷனில் 'டாரன்ட் முடிந்ததும் இந்த ஸ்கிரிப்டை ஓட்டு' என்று ஒரு வசதி உண்டு. நல்ல வசதிதான், ஆனால் பிரவுசர் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் அதே வாசல் வழியாக அதை மாற்றவும் முடியும். அந்த வாசலுக்குள் நுழைந்தவர் உங்கள் பெட்டியில் தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டளையை ஓட்டலாம் என்று அர்த்தம். 2018 ஜனவரியில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி இதைத்தான் காட்டினார்: நீங்கள் ஏதோ ஒரு கெட்ட வலைத்தளத்தைத் திறந்தால் போதும், அது பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் ஒரு வித்தை செய்து உங்கள் பிரவுசர் மூலமாகவே வீட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்மிஷனோடு பேசிவிடும். பாஸ்வேர்ட் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். 421 என்று முரண்டு பிடிக்கிறதே அந்த ஹோஸ்ட் பட்டியல், அது இதற்காக 2.93 பதிப்பில் வந்ததுதான். அதனால் வீட்டுக்குள் மட்டும் என்றாலும் பாஸ்வேர்ட் வையுங்கள். டெலூஜின் வெப் பக்கத்துக்குத் தொடக்க பாஸ்வேர்ட் 'டெலூஜ்' என்பதே. க்யூபிட்டாரன்ட்டிலும் 4.6.1 வரும்வரை எல்லோருக்கும் ஒரே தொடக்க பாஸ்வேர்ட்தான் இருந்தது, இப்போது அது தற்காலிகமாக ஒன்றை உருவாக்கி லாகில் காட்டுகிறது, உள்ளே போனதும் மாற்றிவிட வேண்டும்.

சரி, ஏன் வரவில்லை? ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி ஐபி என்ன என்று பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி, ஒரு அபார்ட்மென்ட்டுக்கே ஒரு தபால் பெட்டி வைத்ததுபோல. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று அங்கே தெரியாது. நீங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை.

வழி என்ன என்றால் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர ஒரு பூட்டிய பாதை. வயர்கார்ட் என்ற விபிஎன் 2020-லிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, சின்னப் பெட்டியிலும் லேசாக ஓடும். ஆனால் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர் வயர்கார்டைத் தனியாக வைத்தால் மறுபடி அதே அழைப்புப் பிரச்சினைதான், அதற்கு வெளியே பொது ஐபி உள்ள ஒரு இடம் வேண்டும். டெயில்ஸ்கேல் அதே வயர்கார்டை வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலையும் தானே பார்த்துக்கொள்கிறது. பெட்டியிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் வேலை முடிந்தது, 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கொடுக்கும், அதை ஆர்பிசி-வொய்ட்லிஸ்ட்டில் சேர்க்க மறக்க வேண்டாம். பொது ஐபி இருப்பவர்கள் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக 9091-ஐ லேப்டாப்புக்கு இழுத்துக்கொள்ளலாம், பல வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதெல்லாம் நிறுவ அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், போனிலிருந்து செய்வது இன்னும் நிம்மதி.

சிஜிநாட் இருந்தால் டாரன்ட் இறங்குமா என்றால் இறங்கும். நீங்களாகப் போய் மற்றவர்களைத் தொடர்புகொள்ள முடியும், அவர்களாக உங்களிடம் வர முடியாது, அதனால் சீட் செய்வது மந்தமாக இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐபிவி6 கிடைக்கும் இணைப்பு என்றால் ரவுட்டரில் அதை இயக்கிப் பாருங்கள். மற்றவர்கள் டாரன்ட் துண்டு கேட்டு வரும் டிரான்ஸ்மிஷனின் 51413 போர்ட்டை ஐபிவி6-க்கு மட்டும் திறந்துவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இந்தப் போர்ட் வேறு, 9091 வேறு. இதைத் திறக்கலாம், அதைத் திறக்கக் கூடாது.

கேள்வி: ராஸ்பெரி பை வாங்குவதற்குப் பதில் வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பையே ஓடவிட்டால் என்ன? – திருச்சி வாசகர்

பதில்: கரண்ட் கணக்கைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறது என்று வையுங்கள், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். அதில் பெரும் பங்கை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும், வீட்டில் ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடுவது மேல் அடுக்கு விலையில் போகும். ராஸ்பெரி பையும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து 7 வாட் என்றால் அதே இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட்தான். ஒன்றும் வாங்க மனமில்லை என்றால் உடைந்த திரை உள்ள பழைய லேப்டாப் நல்ல சர்வர், பேட்டரி உயிரோடு இருந்தால் அதுவே யுபிஎஸ்.

கேள்வி: பெட்டி திடீரென்று நின்றுவிடுகிறது. 32 ஜிபி எஸ்டி கார்டு நிறைந்துவிட்டது என்கிறது. நான் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் அல்லவா இறக்கச் சொல்லியிருக்கிறேன்? – நாகர்கோவில் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நடந்தது அப்படியே கண்முன் வந்தது. ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் கரண்ட் போய் வந்திருக்கிறது. பெட்டி எழுந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் எழவில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆக வேண்டும் என்று நானே, எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லும் எஃப்ஸ்டாப் கோப்பில் 'நோஃபெயில்' போட்டு வைத்திருந்தேன். டிஸ்க் வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் வெறுமையாக, ஆனால் ஃபோல்டராக, கார்டிலேயே இருந்தது. டிரான்ஸ்மிஷனுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது, எழுத இடம் இருக்கிறது, எழுதிக்கொண்டே போனது. கார்டு நிறைந்து, லாக் எழுதக்கூட இடமில்லாமல், எஸ்எஸ்ஹெச்சில்கூட நுழைய முடியாமல் போனது. நான்கு நாள் வெளியூரிலிருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னொரு தொல்லை, திரும்பி வந்து டிஸ்க்கை மாட்டினால் அந்தக் கோப்புகள் கண்ணுக்கே தெரியாது. டிஸ்க் அந்த ஃபோல்டரின் மேல் வந்து உட்கார்ந்து அடியில் இருப்பதை மறைத்துவிடும். கார்டு மட்டும் நிறைந்தே இருக்கும். டீமனை நிறுத்தி, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து (அந்த ஃபோல்டரிலிருந்து விலக்கி), அப்புறம் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும், அழித்துவிடலாம்.

அழித்து முடித்த கையோடு, டிஸ்க் மாட்டாத அதே நிலையில், வெறும் ஃபோல்டரைப் பூட்டிவிடுங்கள். லினக்ஸில் ஒரு கோப்பையோ ஃபோல்டரையோ ரூட்கூட எழுத முடியாதபடி 'மாற்ற முடியாதது' என்று குறிக்கும் கட்டளை உண்டு, சிஹெச்ஏடிடிஆர் என்று தேடுங்கள், கூட்டல் குறியும் ஐ எழுத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்தால் பூட்டு குறுக்கே வராது, டிஸ்க் வராவிட்டால் அங்கே எதையும் எழுத முடியாது. அதோடு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் டிரான்ஸ்மிஷனின் யூனிட் கோப்பைத் திருத்தி, ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியில் டிஸ்க்கின் பாதையைக் கொடுங்கள், டிஸ்க் மவுண்ட் ஆகாமல் டீமன் தொடங்கவே தொடங்காது. இரண்டையும் செய்யுங்கள். இந்தப் பத்தி ஒன்றுக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம், கிளையன்ட் தேர்வில் தப்பு செய்தால் மாற்றிக்கொள்ளலாம், இதில் தப்பு செய்தால் பெட்டியே போகும்.

டிஸ்க் ஏன் எழவில்லை என்பதற்குப் பாதி நேரம் காரணம் பவர்தான். ராஸ்பெரி பை 4-ன் நான்கு யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும், சுழலத் தொடங்கும் நொடியில் டிஸ்க் அதற்கு மேல் கேட்கும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கோ பவர் உள்ள ஹப்போ வையுங்கள். எஃப்ஸ்டாப்பில் டிஸ்க்கின் பெயரைக் கொடுக்காமல் அதன் மாறாத அடையாள எண்ணான யுயுஐடியைக் கொடுங்கள், பெயர் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். அரைகுறைக் கோப்புகளுக்கான ஃபோல்டரும் அதே டிஸ்க்கில் இருக்கட்டும், எஸ்டி கார்டில் வேண்டாம், ஓயாமல் எழுதி எழுதிக் கார்டு சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி தடைப்படும். பாதியில் நின்ற கோப்பு பழுதாகாதா? டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கிறது, விண்டோஸ் லேப்டாப்பிலும் பாவிக்கிறேன். – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: டாரன்ட்டில் கோப்பு சின்னச் சின்னத் துண்டாக வரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்க ஒரு ஹாஷ் எண் டாரன்ட் கோப்பிலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் 'வெரிஃபை' கொடுங்கள், கெட்ட துண்டுகளை மட்டும் திரும்ப இறக்கிக்கொள்ளும். ஆகவே கோப்புக்குப் பயமில்லை, பயம் டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் ஃபைல் சிஸ்டத்துக்குத்தான். சர்வரிலேயே இருக்கும் டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கு மாற்றிவிடுங்கள், ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதால் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸைப் பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக ஓட்டினால் சின்ன சிபியு அதற்கே மூச்சு வாங்கும், கிளையன்ட் மேல் பழி போடுவோம். விண்டோஸில் பார்க்க வேண்டியதை சாம்பா வழியாக நெட்வொர்க்கில் பகிருங்கள், டிஸ்க்கைக் கழற்றி மாட்ட வேண்டாம்.

கேள்வி: டாரன்ட் ஓடினால் வீட்டில் வீடியோ கால் உடைகிறது என்று மனைவி திட்டுகிறார். – ஓசூர் வாசகர்

பதில்: அவர் சொல்வது நியாயம். பெரும்பாலும் இறக்கம் அல்ல, ஏற்றம்தான் லைனை அடைக்கும். உங்கள் அப்லோட் வேகத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் போகாதபடி வரம்பு வையுங்கள். டிரான்ஸ்மிஷனில் ஆமைப் படம் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் வேகம் குறையும், நேரம் குறித்தும் வைக்கலாம். செட்டிங்ஸ் கோப்பில் அந்த நேரம் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்ற கணக்கில் இருக்கும், 540 என்றால் காலை ஒன்பது. மாத டேட்டா வரம்பு உள்ள ஃபைபர் திட்டம் என்றால் ஏற்றுவதும் அதில் சேருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுப்படம் இறக்கினால் போலீஸ் பிடிக்குமா? – ஊர் குறிப்பிடாத வாசகர்

பதில்: இறக்காதீர்கள். டாரன்ட்டில் இறக்கும்போதே மற்றவருக்கு ஏற்றவும் செய்கிறீர்கள், அதாவது விநியோகம் செய்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 63-ம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் படத்தில் வேலை செய்தவர்களுக்குக் கூலி போக வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் இந்தப் பெட்டியை வைத்துக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டான். சட்டப்படி, பயனுள்ளதாக இதில் என்ன செய்யலாம்? – தஞ்சாவூர் வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் கிவிக்ஸ் தளத்துக்குப் போங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே டாரன்ட்டும் இருக்கும். அதை இறக்கினால் நெட் இல்லாத பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் ஒரு போனில் படிக்கலாம். இன்டர்நெட் ஆர்கைவில் பழைய தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் ஸ்கேன் செய்து ஏற்றியவை ஏராளம், 2012-லிருந்து அங்கே டாரன்ட் வழியாகவும் இறக்கலாம். யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய இடம் என்பதால், உரிமைக்காலம் முடிந்தவையா, நாட்டுடைமை ஆனவையா என்று பார்த்து எடுங்கள். வேறு ஒருவரும் சீட் செய்யாவிட்டாலும் ஆர்கைவின் சர்வரே வெப் சீட் என்ற முறையில் கொடுக்கும், டிரான்ஸ்மிஷனுக்கு அது புரியும்.

உங்கள் மகன் வைத்தது டிரான்ஸ்மிஷன் என்றால் அதில் 'வாட்ச் ஃபோல்டர்' ஒன்றைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். டாரன்ட் கோப்பை அந்த ஃபோல்டரில் போட்டாலே இறங்கத் தொடங்கிவிடும், வேறு எதையும் திறக்க வேண்டாம். இறங்கி முடிந்ததும் நீக்கிவிடாமல் அப்படியே விட்டு வையுங்கள், சீட் வரம்பு ஏதும் வைக்காதவரை தானாக நிற்காது. ஒரு பழைய புத்தகத்தை இரவு இரண்டு மணிக்கு எங்கோ ஒருவர் தேடும்போது உங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்தும் அதில் சில பக்கங்கள் அவருக்குப் போகும்.